சாணையின் ஒலி

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத குறையை ஒலி காட்டிக்கொடுக்கும். சாணை பிடிப்பவரின் பட்டறிவில் பொதிந்திருந்த இவ்வுண்மை, இன்று தொழிலகங்களில் ஆய்வுமுறையாக வளர்ந்துள்ளது. அம்முறையை இப்பாடம் விளக்குகிறது.

தாமிரபரணி பாயும் அம்பாசமுத்திரம் நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். ‘அம்பை 16’ முதலிய நெல்வகைகளை அளித்த நெல் ஆராய்ச்சி நிலையம் இங்குள்ளது. நெல் விளையும் ஊரில் அரிவாளுக்கும் சாணைக்கும் என்றும் வேலை உண்டு. சாணை பிடிப்பவர் சுழலும் கல்லில் அரிவாளை அழுத்தியே வைத்திருப்பதில்லை. ஓசை மாறினால் அழுத்தத்தைக் குறைப்பார். இடையிடையே நீரில் நனைப்பார். சூடு மிகுந்து விளிம்பு நீலம் பாரித்தால் கூர்மை நிலைக்காது என்பதை அவர் அறிவார்.

வெப்பத்தின் வடு

பேரிங், பற்சக்கரம் முதலிய இயந்திர உறுப்புகளும் சாணைச் சக்கரத்தால்தான் துல்லிய அளவைப் பெறுகின்றன. சக்கரத்தின் துகள்கள் உலோகத்தைச் சீவும்போது செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது. மழுங்கிய துகள்கள் சீவுவதைவிட மிகுதியாக உராய்வதால் வெப்பம் பெருகுகிறது. அதனால் கடினமாக்கப்பட்ட எஃகின் மேற்பரப்பு மென்மையாகிறது. ஏறத்தாழ 730 பாகை செல்சியசைக் கடந்தால் உள்ளமைப்பே மாறி, விரைந்து குளிர்கையில் எளிதில் நொறுங்கும் மேலடுக்கு உருவாகிறது; நுண்விரிசல்களும் தோன்றலாம். அடுத்த மெல்லிய சீவலில் நீலநிறம் மறைந்துவிடும். வடுவோ உள்ளே தங்கிவிடும். அத்தகைய பேரிங் ஓடும் வண்டியில் உடைந்தால் உயிருக்கே ஊறு நேரும்.

ஒலி உமிழ்வு

உலோகம் உருமாறும்போதும் விரிசல் காணும்போதும் நுண்ணலைகளை வெளிவிடுகிறது. இதுவே ஒலி உமிழ்வு. செருமானிய அறிஞர் யோசப் கைசரின் 1950ஆம் ஆண்டு ஆய்வேடு இத்துறைக்கு அடித்தளமிட்டது. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். சாணையின் ஒலி உமிழ்வோ பெரும்பாலும் 1 இலட்சம் முதல் 10 இலட்சம் ஹெர்ட்ஸ் வரை அளக்கப்படுகிறது. இயந்திரத்தில் பொருத்தப்படும் உணரி இவ்வலைகளை மின்குறிகைகளாக மாற்றுகிறது. குறையற்ற உறுப்பைச் சாணையிடுகையில் பதிந்த குறிகையோடு கணினி அவற்றை ஒப்பிடுகிறது. வேறுபாடு தென்பட்டால் வேகத்தைக் குறைக்கலாம். சக்கரத்தைப் புதுக்கிக் கூராக்கலாம். குளிர்விக்கும் நீர்மத்தைச் சரிசெய்யலாம்.

அமிலத்தில் தோய்த்துப் பார்க்கும் சோதனை, வேலை முடிந்தபின்னரே குறையைக் காட்டும். ஒலியோ வேலை நடக்கும்போதே எச்சரிக்கும். ஆயினும், இயந்திர அதிர்வும் நீர்மத்தின் இரைச்சலும் குறிகையில் கலப்பதுண்டு. ஆகவே, ஒலி எழுப்பும் ஐயத்தைச் சோதனையால் உறுதிசெய்வதே முறையாகும்.

தெரிந்து தெளிவோம்

இரும்பு காந்தமாகும்போது எழும் சலசலப்பைச் செருமானிய இயற்பியலர் பார்க்கௌசன் 1919இல் ஒலியாக மாற்றிக் கேட்டார். வெப்பத்தால் எஃகு மாறினால் இச்சலசலப்பும் மாறும். எனவே, உறுப்பைச் சிதைக்காமல் சாணை வடுவை அறிய இம்முறையும் பயன்படுகிறது.