இறந்தகாலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு

பெரம்பலூரில் இருந்துகொண்டு ஸ்பானிய மொழி படிக்கிறாய், கண்ணு. நிகழ்காலம் வரை ஓடிய கால் இறந்தகால வினையில் வந்து நின்றுவிட்டது என்று உன் அம்மா வருத்தப்பட்டாள். பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தே நரைத்தவன் நான். சில விஷயங்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் பயத்தை விடு. தமிழில் 'பேசினேன்' என்றாலே நான் என்பது தெரிந்துவிடுகிறது. 'பேசினாய்' என்றால் நீ. ஸ்பானிய வினையும் இப்படித்தான், ஆளைத் தன் வாலிலேயே காட்டும். 'பேசு' என்பதன் இறந்தகாலம் இதோ: ஆப்லே, ஆப்லாஸ்தே, ஆப்லோ, ஆப்லாமோஸ், ஆப்லாரோன். ஆங்கிலத்தை நடுவில் வைத்துக் கற்றவர்கள் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'நான்', 'நீ' என்று சேர்த்துத் திணறியதைப் பார்த்திருக்கிறேன். நீ தமிழிலிருந்து நேராகப் போ.

2. உன்னைப் போலவே வேற்றுமொழி கற்ற ஒருவரைத் தெரிந்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சிக்குப் போய் வா. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற ஊர். அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். 1710இல் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. செய்தான், உண்டான், தின்றான், பாடினான் என்று த், ட், ற், இன் எனப் பிரியும் நம் இறந்தகாலத்தை அந்த வயதில் படிக்கத் தொடங்கினார். பிறகு 'தேம்பாவணி' பாடினார், 'சதுரகராதி' தொகுத்தார், 'தொன்னூல் விளக்கம்' எழுதினார். கற்றவர் தமிழ் வேறு, தெருவில் பேசும் தமிழ் வேறு என்று கண்டு, பேச்சுத் தமிழுக்கென்றே லத்தீனில் தனி இலக்கணமும் செய்தார். பாமரர் பேச்சை இலக்கணம் எழுதும் அளவுக்கு மதித்தாரே, அந்தப் பணிவைத்தான் நீ அவரிடம் கற்க வேண்டும்.

3. ஸ்பானியத்தில் இறந்தகாலம் ஒன்றல்ல. பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகக் கேள். 'நேற்று தாத்தா ஒரு கதை சொன்னார்': நடந்தது, முடிந்தது. இதற்குக் 'கொன்தோ'. 'என் சின்ன வயதில் தாத்தா கதை சொல்வார்': ஒரு நாள் நடந்ததல்ல, வழக்கமாக நடந்தது. இதற்குக் 'கொன்தாபா'. நம் 'சொல்வார்' உருவத்தில் எதிர்காலம். ஆனாலும் பழைய வழக்கத்தைச் சொல்ல அதைத்தானே எடுக்கிறோம்? 'தாத்தா கதை சொல்லிக்கொண்டிருந்தார், அப்போது மழை வந்தது' என்றாலும் தாத்தாவுக்குக் கொன்தாபாதான். நடுவில் வந்த மழைக்குத்தான் முடிந்த காலம். அட்டவணையை மட்டும் நெட்டுருப் போட்டவர்கள் தேர்வில் எழுதிவிடுவார்கள், வாய் திறந்தால் திக்குவார்கள். எந்த வடிவம் என்று கேட்பதற்கு முன் உன் நினைவைக் கேள்: அது முடிந்த காரியமா, நீண்டு கிடந்த காலமா? பதில் தெரிந்தபின் வாயைத் திற. ஆறுதலுக்கு ஒன்று: கொன்தாபா வகையில் விதிக்கு அடங்காத வினைகள் மூன்றே மூன்று. இரு, போ, பார்.

4. சின்னதை அலட்சியம் செய்யாதே. 'ஆப்லோ'வில் முதல் எழுத்தை அழுத்தினால் நான் பேசுகிறேன். கடைசியை அழுத்தினால் அவரோ அவளோ பேசியாயிற்று. எழுத்தில் வித்தியாசம் கடைசி உயிரின் தலைமேல் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்காதபடி நம் எழுத்தைத் திருத்தியவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறோம். சிறு கோட்டுக்கு அவ்வளவு மெனக்கெட்டவர் வாழ்ந்த மாவட்டம் உன் பக்கத்து மாவட்டம்.

5. விதியை மீறும் வினைகளிடம் கோபித்துக்கொள்ளாதே. 'வா' என்பது 'வந்தேன்' ஆவதையும் 'சொல்' என்பது 'சொன்னேன்' ஆவதையும் நீ என்றைக்காவது குறை சொன்னதுண்டா? நாளும் வாயில் புழங்கும் சொற்கள்தான் எந்த மொழியிலும் பழைய உருவை விடாமல் வைத்திருக்கும். 'ஃபுயி' என்றால் 'போனேன்'. 'இருந்தேன்' என்பதற்கும் அதே ஃபுயிதான். எது என்பதைப் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுக்கும்.

6. யாரோடு பேசப்போகிறாய் என்று பார்த்துக்கொள். இன்று காலை சாப்பிட்டதைச் சொல்ல மாட்ரிட்காரர் 'ஏ கொமீதோ' என்பார். மெக்சிகோக்காரர் 'கொமீ' என்று முடித்துவிடுவார். இரண்டும் சரிதான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பிழை என்று சாதித்த நல்ல மாணவர்கள் எனக்குத் தெரியும். பிழை திருத்துகிற அவசரத்தில் எதிரே இருப்பவர் சொன்ன செய்தியை விட்டுவிடுவார்கள்.

7. இன்று இரவு ஐந்தே வரி எழுது. உன் அப்பாயி வெங்காயக் காட்டில் களை எடுத்த நாட்களைப் பற்றி மூன்று, நேற்று நீ செய்ததைப் பற்றி இரண்டு. எழுதியதைச் சத்தமாகப் படித்து, குரலைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. காலையில் கேட்கிறேன்.