ஒரே குடும்பம், ஒரே கணக்கு

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



குடும்ப ஜெபம் நடக்கிற வீடுகளிலும் மாதக் கடைசி வந்தால் சமாதானம் போய்விடுகிறது. காலையில் சேர்ந்து பாட்டுப் பாடினவர்கள், ராத்திரி கரண்ட் பில்லுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார்கள். ஜெபக்குறிப்பில் "கடன் பாரம்" என்று எழுதித் தருகிறவர்கள் அநேகர். ஆனால் எவ்வளவு கடன் என்று கேட்டுப் பாருங்கள். கணவர் ஒரு தொகை சொல்லுவார், மனைவி வேறொரு தொகை சொல்லுவாங்க. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத்தான் இந்தப் பாடத்தில் தியானிக்கப்போகிறோம்.

1. பக்தியுள்ள வீட்டிலும் கடன்

எலிசாவிடம் வந்த அந்த விதவையின் கணவர் குடிகாரர் அல்ல, கர்த்தருக்குப் பயந்தவர். ஆனாலும் அவர் கடனை வைத்துவிட்டு மரித்தார். எதற்காக வாங்கினார் என்று வேதம் சொல்லவில்லை. கடன்காரன் வாசலில் வந்து நின்றபோது பணயம் வைக்கப்பட்டது அவளுடைய இரண்டு பிள்ளைகள். ஆகவே "நான் விசுவாசி, எல்லாம் நடக்கும்" என்று சொல்லிக்கொண்டு கணக்குப் பார்க்காமல் இருப்பது விசுவாசம் அல்ல. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம்முடைய ஆண்டவரே போதித்தார் (லூக்கா 14:28).

2. முதலில் உள்ளதைப் பாருங்கள்

எலிசா உடனே பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் மிச்சம் என்ன என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்று சொல்ல ஆரம்பித்தவளுக்கு, ஒரு குடம் எண்ணெய் ஞாபகத்துக்கு வந்தது. அற்புதம் அங்கேதான் தொடங்கினது.

மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், ஜெபம் முடிந்ததும் இருவரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். உதாரணமாக, கணவர் சம்பளம் 18,000, மனைவியின் தையல் வருமானம் 6,000, ஆக மொத்தம் 24,000 ரூபாய் என்று வையுங்கள். தசமபாகம் 2,400; வாடகை 5,000; மளிகை, பால், காய்கறி, கேஸ் 7,000; பிள்ளைகள் படிப்பு 2,500; கரண்ட், போன், பஸ் 1,800; கடன் தவணை 3,000; ஊரில் இருக்கிற பெற்றோருக்கு 1,000; மீதி 1,300 சேமிப்பு. எழுதிப் பார்த்த பிறகுதான், "என்னங்க, போன மாசம் 4,000 எங்க போச்சு?" என்ற சண்டை நிற்கும். "என் பணம், உன் பணம்" என்ற பேச்சும் குறையும்.

3. கதவுக்கு உள்ளே

அவள் கதவைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணெயை வார்த்தாள். வீட்டுக் கணக்கு வீட்டுக்குள் பேசவேண்டியது. மாமியாரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டு, வாழ்க்கைத்துணைக்கு மறைக்கிறது வேத ஒழுங்கு அல்ல. பிள்ளைகளுக்கும் வயதுக்குத் தக்கபடி தெரியட்டும்.

அப்படியானால் அரிசிப் பானையில் பணம் போட்டு வைக்கிறது பாவமா என்று சகோதரிகள் கேட்பாங்க. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் புடவை மடிப்பிலிருந்த பணம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று சேர்த்த காசு அது. சேர்த்தது நல்லது, ஆனால் இருவரும் அறிந்து பேங்கில் போட்டிருந்தால் பயமில்லாமல் தூங்கியிருக்கலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கணவன் சம்பளத்தைக் குடித்து அழிக்கிற வீட்டில், பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை மனைவி காப்பாற்றுவது வஞ்சகம் அல்ல. நாபாலுக்குச் சொல்லாமலே அபிகாயில் தன் வீட்டைக் காப்பாற்றினாள் (1 சாமுவேல் 25).

4. கடன் முதலில், பிழைப்பு மீதியில்

எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கவும், மீதியில் அவளும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணவும் தேவமனுஷன் சொன்னார். இந்த வரிசையை நாம் தலைகீழாக்குகிறோம்.

5 வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 2,500 வட்டி. 20 மாதத்தில் வட்டி மட்டுமே 50,000 கட்டியிருப்பீர்கள். அசல் அப்படியே நிற்கும். தண்டலில் 8,500 கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாளில் 10,000 கட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே, வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். மனைவியின் நகையை அடகு வைப்பதானால் அவள் மனப்பூர்வமாய்ச் சம்மதிக்க வேண்டும். மீட்கிற தேதியையும் அந்த நோட்டில் எழுதுங்கள். சீட்டு போடுகிறதானால் பதிவு செய்த சீட்டுதானா என்று இருவரும் விசாரியுங்கள்.

ஜாமீன் கையெழுத்தைக் குறித்து ஜாக்கிரதை (நீதிமொழிகள் 6:1-5). நம் நாட்டுச் சட்டப்படி, பொதுவாக ஜாமீன் நின்றவர் வாங்கினவருக்குச் சமமாகவே அந்தக் கடனுக்குப் பொறுப்பாளி. மனைவிக்குத் தெரியாமல் போட்ட ஒரு கையெழுத்து அவள் வீட்டையே அசைத்துவிடும்.

5. ஒருமனம் மட்டும் போதாது

அனனியாவும் சப்பீராளும் பண விஷயத்தில் ஒருமனமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த ஒருமனம் பொய்யில் இருந்தது (அப்போஸ்தலர் 5). வசதி இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கடன் வாங்கிக் கல்யாணமும் காதுகுத்தும் நடத்துகிற தம்பதிகள் இதை யோசிக்க வேண்டும். காணிக்கையிலும் அப்படியே. கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பெரிய தொகைக்குப் பேர் கொடுத்துவிட்டு, வீட்டில் சொல்லப் பயப்படாதிருங்கள். இருவரும் பேசி, இருதயத்தில் தீர்மானித்துக் கொடுங்கள் (2 கொரிந்தியர் 9:7).

6. ஒருவர் இல்லாத நாளுக்காக

அந்த விதவையின் கண்ணீர் நமக்கு எச்சரிப்பு. பேங்க் கணக்கை இருவர் பேரிலும், ஒருவர் மரித்தால் மற்றவர் எடுக்கிற விதமாக வையுங்கள். கணக்குகளுக்கு நாமினி பேர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி குறிக்கலாம். இன்சூரன்ஸ் பத்திரம், வீட்டுப் பத்திரம், சீட்டுப் புத்தகம், கொடுத்த கடன், வாங்கின கடன் எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் அறிந்த இடத்தில் வையுங்கள். நீதிமொழிகள் 31-ல் வருகிற ஸ்திரீ நிலத்தை விசாரித்து வாங்குகிறாள். புருஷனும் அவளை நம்புகிறான். "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

குடும்பமாய்ச் சிந்திக்க:

* நம்முடைய மொத்தக் கடன் எவ்வளவு? இருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.
* ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கிற பணம், கடன், ஜாமீன் ஏதாவது உண்டா?
* இந்த மாதத்தில் நிறுத்தக்கூடிய ஒரு செலவு எது?

பிரியமானவர்களே, முதல் நாள் இந்தப் பேச்சு கசப்பாயிருக்கலாம். குரல் உயர்ந்தால் நோட்டை மூடிவிட்டு ஜெபித்து, மறுநாள் மறுபடியும் திறங்கள். வெறும் பாத்திரங்களைக் கொண்டுவந்த வீட்டில் எண்ணெய் பெருகினது. மறைவில்லாத கணக்கோடு உட்காருகிற உங்கள் வீட்டிலும் கர்த்தர் சமாதானத்தைப் பெருகப்பண்ணுவாராக. ஆமென்.