கோமுகிக்கு மேலே மண் பாதை

கண்ணு,

நீ வண்டி வாங்கிய செய்தியை உன் அம்மா அழுதுகொண்டு சொன்னாள், நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். "கல்வராயன் மலையில எந்த மண் ரோடு நல்லா இருக்கும் மாமா?" என்று கேட்டாய். வழி சொல்வது எளிது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் பரிகம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறினால், தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் மண் தடங்கள் பிரிந்துகொண்டே போகும். அவற்றில் எந்த மனத்தோடு வண்டியைத் திருப்புகிறாய் என்பதுதான் எனக்குக் கவலை. நம் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1989-ல், கைமாறி வந்த ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100-ல் நான் முதன்முதலாக ஏறினேன். அன்று தொடங்கி நான் செய்த தவறுகளிலிருந்து எடுத்ததுதான் கீழே இருப்பதெல்லாம். பொறுமையாகப் படி.

1. முதலில் மெதுவாக ஓட்டப் பழகு. வேகம் தானாக வரும், நிதானம் தானாக வராது. வற்றிய ஏரியில் இறங்கி, இரண்டு கல்லை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடு. பாதி கிளட்ச்சில், கால் தரையைத் தொடாமல், மேயப் போகும் ஆட்டைவிட மெதுவாகப் போகத் தெரிந்தால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது. நான் தலைகீழாகக் கற்றேன். இருபத்திரண்டு வயதில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திரும்பினேன். எதிரே தலைச்சுமையோடு ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். சரளைக் கல்லில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன், வண்டி வழுக்கி என்னை அவர் காலடிவரை இழுத்துப் போயிற்று. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. சுமையை இறக்கி வைத்து, முந்தானையால் என் முழங்கை இரத்தத்தைத் துடைத்துவிட்டு, "வூட்ல யாரு இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். வளைவு கண்டால் இன்றும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

2. நின்று ஓட்டு. கரடு முரடான இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு கல்லும் உன் முதுகெலும்போடு பேசும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள், முழங்கையை மடக்கி வெளியே விடு, கைப்பிடியைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடி. வண்டி உனக்குக் கீழே ஆடட்டும், அதை ஆடவிடு. பார்வையைப் பத்து இருபது அடி தள்ளியே வை. கண் போன வழிதான் சக்கரமும் போகும். "அந்தக் கல்லில் ஏறிவிடக் கூடாது" என்று கல்லையே பார்த்தவன் கல்லில்தான் ஏறுவான். தப்பிக்கும் இடத்தைப் பார்.

3. ஏற்றத்தில் உடம்பை முன்னே கொடு, ஆக்சிலேட்டரை ஒரே சீராக வை. இறக்கத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதல் கியரிலோ இரண்டாவதிலோ எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும். முன் பிரேக்கை இரண்டு விரலால் தொடு, அமுக்காதே. பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு மலையிறங்குகிறவர்களைப் பார்ப்பாய். அவர்களோடு சேராதே.

4. மலையில் உனக்கு முதல் வாத்தியார் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்காரர். மரவள்ளிக் கிழங்கு மூட்டையைப் பின்னால் கட்டி, முன்னால் பிள்ளையை நிறுத்தி, செருப்புக் காலோடு அவர் இறங்கி வரும் சரிவில், கவசமெல்லாம் மாட்டிய நாம் திணறிக்கொண்டிருப்போம். ஒதுங்கி நின்று அவரைப் பார். எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போகிறார், எங்கே காலை ஊன்றுகிறார், எங்கே யோசிக்காமல் இறங்கித் தள்ளுகிறார் என்று பார். இறங்கித் தள்ளுவதில் அவருக்கு வெட்கம் கிடையாது, எனக்கு இருந்தது. அந்த வெட்கத்துக்கு நான் இரண்டு கிளட்ச் பிளேட்டைக் காவு கொடுத்தேன். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-தான் அந்த வண்டிக்கு மூதாதை. அதே நிறுவனத்தின் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக 2024 டக்கார் பந்தயத்தில், சவுதிப் பாலைவனத்தில், ஷொர்ணூர்ப் பையன் ஹரித் நோவா ரேலி 2 பிரிவில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் அவருக்குப் பதினோராம் இடம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிற்று. கிழங்கு மூட்டை ஏற்றுகிறவரையும் டக்கார் ஓடுகிறவரையும் மண் ஒரே கேள்விதான் கேட்கிறது: உன் அவசரத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

5. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சக்கரத்தையும் விடாதே. ஓடையைக் கண்டால் வண்டியை நிறுத்து, ஒரு குச்சியை ஊன்றி நடந்து அக்கரை போய்த் திரும்பி வா. பாறை வழுக்குகிறதா, இழுப்பு எவ்வளவு, தண்ணீர் ஏர் ஃபில்டர் மட்டத்தைத் தொடுமா என்று உன் கால் சொல்லும். முழங்காலுக்கு மேல் இழுக்கும் தண்ணீரென்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. மழைக்காலத்தில் ஏறுமுன் கோமுகி அணையைப் பார்த்துவிட்டுப் போ. 46 அடியும் நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டிருந்தால், மேலே ஓடைகள் எப்படி இருக்கும் என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நம் மாவட்டத்தையும் விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் புரட்டிப் போட்டதே, அந்த வாரம் வண்டிச்சாவியைத் தொட மாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்துகொண்டேன். தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் செல்ஃப் பட்டனை அழுத்தாதே. ஒரு முறை நான் அழுத்தினேன். உள்ளே புகுந்த தண்ணீரை பிஸ்டனால் நசுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். மெக்கானிக் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார், வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. முதலில் பிளக்கைக் கழற்று. வண்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, எஞ்சினைச் சுழற்றி மிச்சத்தையும் வெளியே தள்ளு. ஏர் ஃபில்டரைப் பிழிந்து காயவிடு. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதவன் ஓடையில் இறங்கக் கூடாது.

6. இதை இரண்டு முறை படி. திரும்பி வரத் தெரிந்துகொள்.

2003-ல், சேராப்பட்டுப் பக்கம், மாலை ஐந்து மணி இருக்கும். வந்த வழியே திரும்பியிருந்தால் இருட்டுமுன் வீடு சேர்ந்திருக்கலாம். "இன்னும் ஒரு மேடுதான், அந்தப் பக்கம் ரோடு பிடிச்சிடலாம்" என்றேன். என்னோடு வந்த நண்பனுக்கு மண் ரோட்டில் அது இரண்டாம் பயணம். அவன் என் முகத்தைப் பார்த்தான். பயந்திருந்தான், ஆனால் சொல்லவில்லை. நான் சொல்லவிடாத மாதிரி நின்றிருந்தேன் என்பதே உண்மை. நான்காவது மேட்டில் அவன் வண்டி பின்னால் உருண்டு அவன் கால்மேல் விழுந்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. செல்போன் கிடையாது, விளக்கு கிடையாது. சிற்றூர் ஒன்றிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒரு மூங்கிலில் வேட்டியைக் கட்டித் தூளியாக்கி, அவனை அதில் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி மூன்று மணி நேரம் நடந்தார்கள். நான் லாந்தர் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். "எங்க ஊர்ல பிரசவத்துக்கும் இப்படித்தான் தூக்கிட்டுப் போவோம்" என்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். நான் விளையாடப் போன பாதை அவர்களுக்கு ஆஸ்பத்திரி பாதை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. கூட வருகிறவர்களில் யார் மிகப் புதியவரோ அவர்தான் அன்று வேகத்தையும் திரும்பும் நேரத்தையும் முடிவு செய்வார். பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவேன். பெட்ரோலில் பாதி தீர்ந்தாலும் அப்படியே. எட்ட முடியாத மேடு நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். நண்பன் நடக்கிறான், சற்றே சாய்ந்து. என்மேல் அவனுக்குக் கோபமில்லை. அவன் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

7. காப்புக்காட்டு எல்லைக்கல்லைக் கண்டால் நில். அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம், போகவே கூடாது. சக்கரத் தடமே இல்லாத இடத்தில் முதல் தடம் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதே. மழை அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு ஓடையாக்கிவிடும். மாசியிலிருந்து வைகாசிவரை புல் காய்ந்து கிடக்கும், சூடான சைலன்சரை அதன்மேல் நிறுத்தாதே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவை நினைத்துக்கொள். இருபத்து மூன்று உயிர்கள் போயின. மலையேற்றத்துக்குத் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். பொழுது சாய்ந்தால் தடம் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் சொந்தம். அதுவும் இரண்டு மணிக்குத் திரும்பச் சொன்னதற்கு ஒரு காரணம்.

8. சைலன்சரை மாற்றாதே. ஊருக்குள் நுழையும்போது உட்கார்ந்து, நடக்கும் வேகத்தில் போ. சாமை விதைத்திருக்கும் வயல் உனக்கு வெறும் மேடாகத் தெரியலாம், அது ஒரு வீட்டின் ஆண்டுச் சோறு. மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். பெரியவர்கள் யாராவது திண்ணையில் இருந்தால் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேள், கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அதனால் தெரியாத வண்டியைக் காவலர் நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் காட்டி, எங்கே போகிறாய் என்று பணிவாகச் சொல். ஊர்க்காரர் கேட்டாலும் அப்படியே சொல். அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறவன் நீ.

9. விழுவாய். அதற்காக வெட்கப்படாதே, தயாராக இரு. பெங்களூருவைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர், அப்போது அவர் பிடித்தது 36-ஆம் இடம். அப்பேர்ப்பட்டவரே 2021 டக்காரில் விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் மயக்கத்திலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்து, பிறகு மீண்டு வந்தார். ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை நான்கும் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாதே. என் இடது கணுக்கால் மழைக்கு முந்தின நாளே எனக்குத் தகவல் சொல்லும், பூட்ஸுக்குக் காசு மிச்சம் பிடித்த வருடத்தின் பரிசு அது. விழுந்தவுடன் எழுந்து வண்டியை வெறி பிடித்தவன்போல் தூக்காதே. எஞ்சினை அணை, உட்கார், விரல்களை எண்ணு, தண்ணீர் குடி. பதறாத காரியம் சிதறாது.

10. பையில் பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் லீவர், கைப்பம்பு, ஒரு கிளட்ச் கேபிள், பிளக், கயிறு. இவற்றை வாங்கினால் போதாது, வீட்டு முற்றத்தில் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். மண்ணில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறை, பிடிப்பு கிடைக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துக்கொள்.

11. மலையில் பல இடத்தில் சிக்னல் இருக்காது. எந்த வழியாக ஏறுகிறாய், எந்த வழியாக இறங்குவாய், எத்தனை மணிக்குள் போன் செய்வாய் என்று ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போ. சொன்ன வழியை நடுவில் மாற்றாதே. உன் பாட்டி என்னைத் தேடி ஒரு ராத்திரி முழுக்கக் கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் என்னைப் பார்த்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதே நிறுத்தத்துக்கு வந்துவிடு. முதல் நாள் மலை ஏற மாட்டோம். கீழே காய்ந்த ஏரியில் இரண்டு கல்லை வைத்துச் சுற்றலாம், வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். உன் அம்மாவையும் கூட்டி வா, மர நிழலில் உட்கார்ந்து பார்க்கட்டும். என் பழைய முழங்கால் கவசத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பட்டை இற்றுப் போயிருந்தது, நேற்று உன் அத்தை புதிதாகத் தைத்துக் கொடுத்தாள்.