டாப் மாடல் பாகமா, வெளிக்கடைப் பாகமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போன தை மாதம் 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வண்டி நன்றாக இருக்கிறது. ஆனால் டாப் மாடலில் வரும் அலாய் வீல், எல்இடி ஹெட்லைட், டச் ஸ்கிரீன் எதுவும் இதில் இல்லை. "போடுறதா இருந்தா கம்பெனி பாகமாவே வாங்கிப் போடுங்க மாமா, வெளியில குடுத்து வண்டியக் கெடுக்காதீங்க" என்கிறார் என் மைத்துனர். கோயம்புத்தூரில் ஒரு அக்சஸரீஸ் கடைக்காரரோ, "அந்தக் காசுல பாதிக்கு நான் 17 இஞ்ச் வீலே போட்டுத் தர்றேன் சார், ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இறக்கிட்டா வண்டி கும்முனு இருக்கும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஆசிரியரே, உங்கள் மைத்துனர் சொல்வதில் முக்கால்வாசி சரி. கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எந்தக் கடையில் வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். போடப்போகிற பாகம் வண்டியில் எதைத் தொடுகிறது என்பதை முதலில் பாருங்கள். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், ஏர்பேக், ஹெட்லைட் ஒயரிங் ஆகியவற்றைத் தொடுகிற எதுவும் உங்கள் வண்டிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்ததாக இருக்க வேண்டும். மற்றவற்றில் உங்கள் விருப்பம், உங்கள் பணம்.

சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் டயரின் பக்கத்தில் 165/80 ஆர்14 என்று எழுதியிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். டயர் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் முழுச் சக்கரத்தின் உயரம் 619.6 மி.மீ. வரும். டாப் மாடலில் வருவது 185/65 ஆர்15. அதற்கும் போட்டுப் பாருங்கள், 621.5 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகிவிட்டது, ஆனால் சக்கரத்தின் மொத்த உயரத்தில் 2 மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. கம்பெனிக்காரன் இந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் இரண்டு அளவையும் ஒரே வண்டிக்குக் கொடுத்திருக்கிறான். ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், மட்கார்டு இடைவெளி எல்லாம் அந்த உயரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இப்போது 17 இஞ்சுக்கு வாருங்கள். உதாரணத்துக்கு, 205/50 ஆர்17 டயரின் உயரம் 636.8 மி.மீ. பழையதைவிட 17 மி.மீ. கூடுதல், அதாவது 2.8 சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது முன்பு போன வேகத்தைவிட ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கூடவே போவீர்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசும். நான்கு பேர் ஏறினால் உரசல் இன்னும் அதிகம். இதைவிடப் பெரிய சிக்கல் டயரின் சுவர். இப்போது உங்கள் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 132 மி.மீ. ரப்பர் இருக்கிறது. அது 102 ஆகிவிடும். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையில் ராத்திரி நேரத்தில் ஒருமுறை ஏறினால் போதும், ரிம் கோணிவிடும். நம் ஊர்ச் சாலைக்கு அந்த 132 மி.மீ. பெரிய பாதுகாப்பு. அழகுக்காக அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றால் 15 இஞ்சோடு நின்றுகொள்ளுங்கள்.

அந்த 15 இஞ்ச் அலாய் புதிதாக ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. புதுக் கார் எடுத்த கையோடு பெரிய வீல் மாற்றுகிறவர்கள் கழற்றிப் போடும் கம்பெனி அலாய்கள் சந்தைக்கு வருகின்றன. சென்னை புதுப்பேட்டையிலும் கிடைக்கும். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெல்டிங் வைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் விரல் நுனிக்கே மேடு தட்டுப்படும். அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெளிக்கம்பெனி அலாய் என்று முடிவு செய்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். ரிம்மின் நடுத்துளை வண்டியின் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். வெளி அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக வைத்துச் செய்யப்படுகின்றன. இடைவெளியை நிரப்ப சென்டர் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. அது இல்லாமல் போல்ட்டில் மட்டும் தொங்கவிட்டால் 80-ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட், பேலன்சிங் என்று மாறி மாறிச் செலவழித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தவர்கள் பலர். இரண்டாவது, ரிம்மில் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தயாரிப்பில் ஐஎஸ்ஐ, ஜப்பானியத் தரத்தில் செய்ததில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்று வார்ப்பிலேயே பதித்திருக்கும். ஒட்டிய ஸ்டிக்கர் கணக்கில் வராது. டயரில் லோடு இண்டெக்ஸ் 85-க்குக் குறையக் கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள்.

அடுத்து ஹெட்லைட். இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் தவறு செய்தால் எதிரில் வருகிறவருக்கும் ஆபத்து. உங்கள் வண்டியில் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு, ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட். அந்த பல்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். ஒன்றின் அடியில் கரண்டி போல ஒரு சின்னத் தகடு இருக்கும். லோ பீமில் வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அந்தத் தகடுதான். பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதே கூட்டில் வெளியில் விற்கும் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமும் உருவமும் மாறிவிடுகின்றன. உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் எதிரே வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் காரரின் கண் கூசும். ஒரு சோதனை சொல்கிறேன். ராத்திரி சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு கிழித்ததுபோல் தெரிய வேண்டும். இடது பக்கம் மட்டும் சற்று மேலேறும். எல்இடி போட்ட பல வண்டிகளில் அந்தக் கோடே இருக்காது.

வாட் கூடின பல்பும் வேண்டாம். போன ஐப்பசியில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. மழையில் பழனி ரோட்டில் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டதாம். பானெட்டைத் திறந்ததும் தீய்ந்த பிளாஸ்டிக் வாடை. பல்பின் பின்னால் இருந்த கப்ளர் பழுப்பாகி உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், கையோடு பொடியாக வந்தது. மாட்டியிருந்தது 100/90 வாட் பல்பு. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 16 ஆம்பியருக்கும் மேல். கம்பெனி கொடுத்த ஒயர் அத்தனை சுமைக்குச் செய்ததில்லை. அந்தக் குடும்பம் செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றிருந்திருக்கிறது.

வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் ஹெட்லைட் கண்ணாடியின் மஞ்சளை பாலிஷ் போட்டு எடுங்கள், பல்பை நல்ல கம்பெனி 60/55-ஆகவே புதிதாக மாற்றுங்கள், பீம் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும். அதற்குமேல் வேண்டும் என்றால் டாப் மாடலின் எல்இடி புரொஜெக்டர் ஹெட்லைட்டை முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். வெளி உருவம் பொருந்தும், ஆனால் பின்னால் வரும் ஒயரிங் உங்கள் வண்டியில் உள்ளது அல்ல. இடையில் போடும் அடாப்டர் ஒயரோடு, கப்ளர் டு கப்ளர் மாட்டித் தருவதாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். செலவு அதிகம்தான். இருக்கிற பணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கம்பெனி பாகமாக வாங்க முடியும் என்றால், நான் அதை ஹெட்லைட்டுக்கே செலவழிப்பேன்.

டச் ஸ்கிரீனுக்கு உங்கள் மைத்துனரின் விதி தேவையில்லை. வெளியில் வாங்குங்கள். உங்கள் வண்டிக்கான ஃபிரேமும் கப்ளரும் சேர்த்தே விற்கிறார்கள். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் போட்டால் பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ரிவர்ஸ் கேமராவை அவசியம் போடுங்கள். சீட் கவர் எங்கே வேண்டுமானாலும் தைக்கலாம், ஏனென்றால் உங்கள் வண்டியில் ஏர்பேக் முன்னால் மட்டும்தான். 2024-க்குப் பிந்தைய ஸ்விஃப்ட் போல ஆறு ஏர்பேக் உள்ள வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டும்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதற்கென்று பிரியும் தையல் போட்ட கவர்தான் சரி. கால்மிதி மேட்டின் மேல் இன்னொரு மேட் போடாதீர்கள். அது நகர்ந்து ஆக்சிலரேட்டரில் சிக்கினால் காலை எடுத்தாலும் வேகம் குறையாது.

ஸ்பிரிங்கை இறக்குவது வேண்டவே வேண்டாம். கோயம்புத்தூர்க் கடைக்காரரிடம் அவர் ஊர்க் கதையையே சொல்லுங்கள். கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோ பெட்ரோலின் 85 குதிரைத்திறன் அதில் 114 ஆனது. பந்தயக் கார் செய்து பழகிய பொறியாளர்கள் வண்டியை எவ்வளவு இறக்கினார்கள் தெரியுமா? 4 மி.மீ. அதற்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி ஓட்டிப் பார்த்த பிறகே விற்றார்கள். கடையில் ஸ்பிரிங்கை மட்டும் வெட்டி வண்டியை இறக்குகிறவரிடம் அந்தப் பொருத்தம் எங்கிருந்து வரும்?

மைத்துனரிடம் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி பாகத்துக்கும் வெளிப் பாகத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கார் கம்பெனி எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்றவை கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்துகொடுத்துவிட்டு, தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு விற்கின்றன. பிரேக்ஸ் இந்தியாவின் பாகம் டிவிஎஸ் கர்லிங் என்ற பெயரில் வரும். பிரேக் பேட், ஸ்டார்டர் மோட்டார் போன்றவற்றை இப்படிப்பட்ட தயாரிப்பாளரின் பெட்டியிலேயே வாங்கலாம். தரம் குறையாது, விலை பெரும்பாலும் குறையும். பெட்டி மட்டும் அசலாக இருக்க வேண்டும், அதனால் டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூணாறு, சபரிமலை என்று கேரளத்துக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம், அங்கே சோதனை கடுமை. முன்னால் மாட்டும் கம்பிச் சட்டமான புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மோதலின் வேகத்தை அது ஏர்பேக் சென்சாருக்குச் சரியாகப் போகவிடாது, நடந்து போகிறவரையும் கொன்றுவிடக்கூடும். முன் பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

கம்பெனி வாரண்டி போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். 2019-ல் அது 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான், எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ் ஆண்டுதோறும் உயிரோடு இருக்கிறது. டச் ஸ்கிரீன், கேமரா போன்ற கூடுதல் மின்பொருட்களைப் பாலிசியில் எழுதிச் சேர்க்கலாம். அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது பழைய டாரிஃப் கணக்கு. எழுதாமல் விட்டால் திருட்டுப் போன அன்று அதற்கு ஒரு பைசா வராது. ஒயரை வெட்டிப் போட்ட வேலையால் தீப்பிடித்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால், முழு வண்டிக்கான க்ளெய்மே சிக்கலாகும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன் சார்" என்று கடையில் சொன்னால் பில்லையே கேளுங்கள்.

ஆகவே 15 இஞ்ச் கம்பெனி அலாய், முழு செட் ஹெட்லைட் அல்லது இருக்கிறதே நல்ல நிலையில், வெளிக்கடை டச் ஸ்கிரீனும் கேமராவும். என் சிபாரிசு இவ்வளவுதான். வீல் மாற்றிய பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். கழற்றிய 14 இஞ்ச் ரிம்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், வீட்டுப் பரணில் போட்டு வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது கம்பெனி கண்டிஷனிலேயே கொடுக்கலாம்.