கிரீமுக்கு முன் ஒரு படம்

அன்புள்ள தம்பி,

பிரிஸ்பேனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நெற்றி, காது மடல், வழுக்கைத் தலை என்று சொரசொரப்பான செம்புள்ளிகளாகவே பார்த்ததாக எழுதியிருந்தாய். சென்னையில் படித்த காலத்தில் இந்தப் புள்ளிகளை, ஆக்டினிக் கெரடோசிஸை, எத்தனை முறை பார்த்திருப்பாய்? நம் நிறமே நமக்குக் குடை. குவீன்ஸ்லாந்து வெயிலில் உழைத்த வெள்ளைத் தோலுக்கோ அது அன்றாடம். அவற்றில் சிலதான் செதிள் செல் புற்றுநோயாக மாறும்; எது மாறும் என்று வெறும் கண் சொல்லாது.

2019-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதற்கான நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டது. முதலில் நின்றது 5 சதவீத ஃபுளூரோயூராசில் கிரீம். அதிலும் ஓராண்டுக்குப் பின் நூற்றுக்கு 25 பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. ஆகவே மருந்து முடிந்தாலும் உன் வேலை முடியாது.

அங்கேதான் கான்ஃபோகல் நுண்ணோக்கி உதவும். 1995-இல் பாஸ்டனில் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் சகாக்களும் உயிருள்ள மனிதத் தோலை அதன்வழியே, கத்தி வைக்காமல், செல் செல்லாகப் பார்த்துக் காட்டினார்கள். நல்ல மேல்தோல் தேனடை போல ஒழுங்காகத் தெரியும். நோயில் அந்த அடை குலையும். செல்கள் பெரிதும் சிறிதுமாகக் கலைந்து கிடக்கும். சிகிச்சைக்குப் பின் தேனடை திரும்பிவிட்டதா என்பதே நம் கேள்வி. ஆனால் கருவியின் ஒளி கால் மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் போகும். தடித்த செதிள் அதையும் மறிக்கும். அதனால் புள்ளி தடித்து, அடியில் கெட்டிப்பட்டு, தொட்டால் வலித்தால் படத்தை நம்பி உட்காராதே, பயாப்ஸி எடு.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். கிரீம் நிறுத்திய மூன்றாம் வாரமே ஒரு முதியவருக்குப் படம் எடுத்தேன். அழற்சியால் கலைந்திருந்த செல்களை நோய் என்று படித்து, மறுபடி கிரீம் கொடுத்தேன். புண்ணான நெற்றியோடு அவர் இன்னொரு மாதம் தூக்கமில்லாமல் தவித்தார். பழைய படம் ஒன்று கையில் இருந்திருந்தால் ஒப்பிட்டிருப்பேன், பொறுத்திருப்பேன். அந்த மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆகவே கிரீம் நிறுத்தியபின் சிவப்பு அடங்கட்டும், மூன்று மாதம் பொறு. அதே இடத்துக்குத் திரும்ப, பக்கத்து மச்சத்தையும் சுருக்கத்தையும் அடையாளமாக வைத்துச் சாதாரணப் புகைப்படமும் எடுத்து வை. நாளை வரும் முதல் நோயாளியிடமே தொடங்கு, தம்பி: கிரீம் எழுதும் முன் படம் எடு.

அன்புடன்,
உன் அண்ணன்