தூரமும் செய்தியும்



காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நாம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கரையோரப் படகில் இருப்பவரை அழைத்தால் உடனே திரும்பிப் பார்ப்பார். படகு விலகிச் செல்லச் செல்ல நம் குரல் தேய்கிறது, சொற்களும் தெளிவிழக்கின்றன. கேபிளில் செல்லும் செய்திக்கும் ஏறக்குறைய இதுவே நேர்கிறது.

கணிப்பொறி எச்செய்தியையும் 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களாக்கி மின்துடிப்புகளாக அனுப்புகிறது. செம்புக் கம்பி நீள நீளத் துடிப்பு வலுவிழக்கிறது. அகன்று அடுத்த துடிப்பின்மேல் படிகிறது. அப்போது 0 எது, 1 எது என்று பெறும் கருவிக்கு விளங்குவதில்லை. மேலும், அனுப்பிய செய்திக்குப் பதில் குறித்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும். ஆகவேதான் யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு 5 மீட்டரும், கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டரும் எல்லையாக வகுத்துள்ளனர்.

அப்படியானால் கடல் கடந்து செய்தி செல்வது எவ்வாறு? 1858-இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிள் வழியே விக்டோரியா அரசியார் அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. ஒயிட்ஹவுஸ் என்பவர் அதில் மிகுந்த மின்னழுத்தத்தைச் செலுத்தினார். சில வாரங்களில் கேபிள் செயலிழந்தது. வில்லியம் தாம்சன் என்னும் அறிஞரோ, தடித்த கம்பியும் மெல்லிய துடிப்பையும் உணரும் நுண்கருவியுமே வேண்டும் என்றார். 1866-இல் இட்ட கேபிள் அவர் சொல்லை மெய்ப்பித்தது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நாம் நாள்தோறும் காணும் வங்கக் கடலின் அடியிலும் இந்த அற்புதம் நிகழ்கிறது. சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கண்ணாடி இழைக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 2,300 கி.மீ. அது 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குமுன் அத்தீவு மக்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர். சுமார் 36,000 கி.மீ. உயரம் ஏறி இறங்கச் செய்திக்குக் கால் வினாடி பிடிக்கும். இழையில் செல்லும் ஒளிக்கோ 1,000 கி.மீ. கடக்க வினாடியில் 200-இல் ஒரு பங்கே போதும். ஆயினும் ஒளியும் வழியில் மங்கும். இடையிடையே உள்ள பெருக்கிகள் அதற்கு வலுவூட்டி அனுப்புகின்றன.

ஆகவே தோழியரே, கேபிள் வாங்குமுன் தூரத்தை அளப்போம். தூரத்தை வெல்வது உரத்த குரலன்று. நல்ல வழியும், கூர்ந்து கேட்கும் செவியும், இடையில் தாங்கும் துணையுமே. வீட்டிலும், வகுப்பிலும், ஜெபத்திலும் இவ்வுண்மை பொருந்தும் அன்றோ?