நேராக ஓடாத பந்து

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்ற பருவத்துச் செய்முறைத் தேர்வில் புறத் தேர்வாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “உருண்டோடும் நாணயம் சாயும்போது, உடனே விழாமல், சாய்ந்த பக்கமாகத் திரும்புகிறதே, ஏன்?” கைரோஸ்கோப் பாடத்தைப் பக்க எண் உட்பட மனப்பாடம் செய்து சென்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. என் தந்தை பெட்டிக்கடை வைத்திருப்பவர். சிதறிய சில்லறையைப் பொறுக்கியே வளர்ந்தவன் நான். இத்தனை ஆண்டுகள் கண்முன் நடந்ததற்குக் காரணம் தெரியாமல் நின்றது, மதிப்பெண் குறைந்ததைவிட அதிகமாக உறுத்தியது. அதற்கான விடை ஒரு விளையாட்டில் கிடைத்தது. அதை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

லான் பவுல்ஸ் என்னும் அவ்விளையாட்டின் பெயரை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டது 2022 ஆகஸ்டில்தான். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று தங்கம் கொண்டுவந்தார்கள். ஆனால் இவ்வாட்டம் உண்மையில் உயிரோடு இருப்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் சிற்றூர்ச் சங்கங்களில்தான். கோடையின் வார இறுதியில் அங்கே நட்புமுறைக் குழுப் போட்டிகள் நடைபெறும். சீட்டுக் குலுக்கி அணி பிரிப்பதும் உண்டு. அப்போது எழுபது வயதுக்காரரும் நேற்றுச் சேர்ந்த சிறுவனும் ஒரே அணியில் அமையக்கூடும்.

ஆடும் முறை எளிது. சமதளமான புல்தரையில் ‘ஜாக்’ என்னும் சிறு பந்தை முதலில் உருட்டி நிறுத்துவார்கள். பின்னர் இரு அணியினரும் மாறி மாறித் தங்கள் பெரிய பந்துகளை அதன் அருகே சேர்க்க முயல்வார்கள். நால்வர் அணியில் ஆளுக்கு இரண்டு பந்துகள். எல்லாம் முடிந்தபின், எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட ஜாக்குக்கு நெருக்கமாக நிற்கும் நம் பந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. (கோலி ஆடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.) எந்தப் பந்து அருகில் என்பதை இரு அணிகளின் மூன்றாம் ஆட்டக்காரர்களும் குனிந்து பார்த்து, ஐயம் வந்தால் நாடா பிடித்து அளந்து, தமக்குள்ளேயே ஒத்துக்கொள்கிறார்கள். நம் கபடி ஆட்டங்களில் இப்படி ஒருநாள் நடந்தால் நான் மகிழ்வேன்.

இனிப் பந்துக்கு வருவோம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள அது முழுக் கோளம் அன்று. இரு பக்கங்களும் ஒன்றுபோல் இராதவாறு வேண்டுமென்றே கடைந்திருப்பார்கள். ஆகவே ஈர்ப்பு மையம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக விலகி நிற்கும். எடை அந்தப் பக்கமாகப் பந்தைக் கவிழ்க்கப் பார்க்கிறது. ஆனால் சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் உண்டல்லவா? திருப்பு விசை அதைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக அதன் அச்சையே மெல்லத் திருப்புகிறது. பந்து கனத்த பக்கமாக வளைகிறது. சாய்ந்த நாணயத்தின் கதையும் இதுவே. தேர்வாளர் கேட்ட ‘பிரிசெஷன்’ இவ்வளவுதான்!

வேகம் மிகுந்திருக்கும்போது கோண உந்தமும் மிகுதி. அச்சு எளிதில் திரும்பாது. வேகம் குறையக் குறைய வளைவு கூர்மையாகிறது. வளைவு ஆரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். வேகம் பாதியானால் ஆரம் கால்பங்கு. எனவேதான் பந்து நேராகப் போவதுபோல் போக்குக் காட்டி, கடைசியில் ஜாக்கை நோக்கித் திரும்புகிறது.

இங்கே ஒரு நயமான உண்மை உண்டு. புல்லின் எதிர்முடுக்கம் மாறாதது என்று கொள்வோம். அப்படியானால் மீதமுள்ள தூரமும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதமே. ஆகவே வளைவு ஆரம் மீதமுள்ள தூரத்துக்கு நேர்விகிதம் ஆகிறது. பாதை மடக்கைச் சுருளாக அமைகிறது. அதன் சிறப்பு, சிறிதாயினும் பெரிதாயினும் வடிவம் மாறாமை. அதாவது, ஜாக் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் குறிபார்க்கும் கோணம் ஒன்றேதான். வேகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

புல்தரையின் ‘வேகம்’ என்பது இன்னும் வேடிக்கை. பந்து 27 மீட்டர் உருண்டு நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 10 நொடியானால் மந்தத் தரை. 15 நொடியானால் வேகத் தரை! எழுத்துப் பிழை அன்று, நண்பர்களே. கணக்கிட்டுப் பாருங்கள்: முதல் தரையில் எதிர்முடுக்கம் 0.54 மீ/வி², பந்தை நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் விடவேண்டும். இரண்டாவதில் 0.24 மட்டுமே; 3.6 மீட்டர் வேகம் போதும். உராய்வு குறைந்த தரையில் பந்து நிதானமாகப் போகிறது. வளைவதற்கும் நேரம் கிடைக்கிறது.

நம்பாமல் நானே சோதித்தேன். கெட்டி ரப்பர் பந்தின் ஒரு பக்கத்தில் நான்கு சிறு ஆணிகளை அடித்து இறக்கி, விடுதி நண்பர்களின் மூன்று ஜமுக்காளங்களை வரிசையாக விரித்து உருட்டினேன். இரண்டு மீட்டர் ஓட்டத்துக்கும் நான்கு மீட்டர் ஓட்டத்துக்கும் கோணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஜமுக்காள மடிப்பில் தடுக்கிய ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இது விஞ்ஞான முறைதானா என்பதைப் பேராசிரியர்கள் சொல்லட்டும்.

இவ்விளையாட்டைப் பற்றித் தேடியபோது இன்னொரு செய்தியும் கிடைத்தது. 1541ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னர் காலத்துச் சட்டம் ஒன்று, கூலியாட்களும் கைவினைஞரும் வேலைக்காரரும் கிறிஸ்துமஸ் காலம் தவிர இதை ஆடக்கூடாது என்றது. 1845 வரை அது நீக்கப்படவில்லை. நிலபுலம் உள்ளவர் தம் சொந்தப் புல்வெளியில் அனுமதி பெற்று ஆடலாமாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அந்த வரியை இருமுறை படித்தேன்.

விடுமுறையில் கடையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் விழுந்து ஓடியது. அப்பாவுக்குக் கோண உந்தத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் அது ஓடிய திசையில் தேடவே இல்லை; பக்கத்திலிருந்த அரிசி மூட்டையைச் சற்று நகர்த்தி எடுத்துக்கொண்டார். “சாஞ்ச பக்கம்தான்டா திரும்பும். சரி, ஏன் திரும்புதுன்னு சொல்லு” என்றார். வாடிக்கையாளர் வரும்வரை சொன்னேன்.